சாம்பாரில் ஒளிந்திருக்கும் கோதுமை: சாஃப்ட்வேர் படங்களின் கதை

1/
ஐசியூவில் சொந்தக்காரர் யாரையாவது பார்க்கப் போயிருக்கீங்களா? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். இன்ஃப்யூஷன் பம்ப். மணிக்கு இத்தனை மில்லி என்று நாங்கள் எண்ணை அழுத்துவோம், அது பிசகாமல் மருந்தை ஏற்றும். விழப் பார்க்கும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தெல்லாம் அதில்தான் ஓடும்.

2/
அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. 2019 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை விட்டது. 'ஐபிநெட்' என்ற சாஃப்ட்வேர் துண்டில் 11 ஓட்டைகள். அது உள்ளே இருக்கும் மருத்துவக் கருவியை வெளி ஆள் ஒருவர் நெட்வொர்க் வழியாகவே கைப்பற்றலாம், வேலையை மாற்றலாம், நிறுத்தலாம். (அதுவரை எந்த நோயாளிக்கும் பாதிப்பு உறுதியாகவில்லை என்பதையும் எஃப்டிஏ சொன்னது. பயப்பட வேண்டாம், மேலே படிங்க.)

3/
எச்சரிக்கையைப் படிக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் எழும் முதல் கேள்வி: "எங்க வார்டுல இருக்கிற மெஷின்ல அது இருக்கா?"

பாருங்க, கேள்வி எவ்வளவு சின்னது! ஆனா பதில் யார் கையிலும் தயாராக இல்லை. கருவி செய்த கம்பெனிகளில் சிலவே அப்போதுதான் தங்கள் பொருட்களைச் சோதித்துக்கொண்டிருந்தன. தான் செய்த பொருளில் என்ன இருக்கு என்று செய்தவருக்கே தெரியாதா? அந்தக் கதைதான் இந்த இழை.

4/
சமையலறையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒருவருக்கு சீலியாக் நோய். கோதுமை ஆகாது. சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எல்லாம் நிறுத்திட்டார். சோறும் சாம்பாரும்தான். அப்பவும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் எங்கே தேடுவீங்க?

5/
சாம்பாரில் சாம்பார் பொடி. பொடியில் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவிலேயே போட்டிருக்கும். ஆனா சாம்பார் வைப்பவர் பார்ப்பது பொடி டப்பாவை மட்டும்தான்.

சாம்பார் → பொடி → பெருங்காயம் → கோதுமை. மூணு படி கீழே ஒளிஞ்சிருக்கு.

6/
சாஃப்ட்வேரும் இப்படித்தான். எவரும் முழுசாகத் தானே எழுதுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதிய துண்டை எடுத்துச் சேர்ப்பார்கள். அந்தத் துண்டு இன்னொன்றை நம்பியிருக்கும், அது வேறொன்றை. இந்த நம்பியிருத்தலைத்தான் டிபென்டென்சி, தமிழில் சார்பு என்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு பெட்டியாகப் போட்டு, யார் யாரை நம்பியிருக்கிறார் என்று அம்பு போட்டால் அது சார்பு வரைபடம்.

7/
கேட்க சுலபமா இருக்கு இல்லையா? ஆனா இந்தப் படத்தை மனுசன் கண்ணால் படிக்கிற மாதிரி வரைய அரை நூற்றாண்டு ஆச்சு.

ஆரம்பம் சாஃப்ட்வேரில்கூட இல்லை, ஏவுகணையில். 1958-இல் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று கணக்கு வைக்க 'பெர்ட்' என்ற வலைப்பட முறையைக் கொண்டுவந்தார்கள்.

8/
வேலைகள் ஆயிரக்கணக்கில் போனபோது எதை முதலில் செய்வது, எதை அடுத்து என்று வரிசைப்படுத்துவதே பெரும்பாடு. 1962-இல் ஆர்தர் கான் ஓர் எளிய வழியை எழுதினார். யாரையும் எதிர்பார்க்காத வேலையை முதலில் எடு. அதைப் பட்டியலில் போட்டுவிட்டு அழி. இப்போது யாரையும் எதிர்பார்க்காத வேலை எது? அதை எடு. இப்படியே போ.

30,000 வேலைகள் கொண்ட வலையை ஐபிஎம் 7090 கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடும் என்றார். இன்றைக்கும் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

9/
சாஃப்ட்வேருக்கு வருவோம். 1976. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஸ்டீவ் ஜான்சன் என்ற புரோகிராமர் கடுப்பாக ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் நுழைகிறார். காலை முழுக்க ஒரு தப்பைத் தேடி வீணாகியிருந்தது. தப்பை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணவில்லை, அவ்வளவுதான். பழைய துண்டே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

10/
ஃபெல்ட்மனுக்கும் முந்தின நாள் சாயங்காலம் அதே தலைவலி. "எது எதை நம்பியிருக்குன்னு எழுதி வச்சா, ஒண்ணு மாறினதும் எதையெல்லாம் மறுபடி செய்யணும்னு மெஷினே கண்டுபிடிக்குமே" என்று தோன்றியது. பெரிய சார்பு ஆய்வுக் கருவியாகத் தொடங்கிய யோசனையைச் சுருக்கி, அந்த வார இறுதியிலேயே எழுதி முடித்தார். பேர் 'மேக்'. 2003-இல் அதற்கு ஏசிஎம் அமைப்பின் விருது கிடைத்தது. இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது.

11/
ஆனா 'மேக்' வைத்திருந்தது படம் இல்லை, பட்டியல். இதுக்கு இது வேணும், அதுக்கு அது வேணும் என்று வரி வரியாக. மெஷினுக்கு அது போதும். மனுசனுக்குப் போதாது. பத்து வரி இருந்தால் படிக்கலாம். ஆயிரம் வரி இருந்தால்? போர்டில் கையால் வரைந்தால் பாதியிலேயே கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஆகிவிடும்.

12/
இந்தச் சிக்கை எடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1981. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கோசோ சுகியாமா, ஷோஜிரோ தகாவா, மிட்சுஹிகோ தோடா. அவர்கள் எழுதிய முறையைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண குரூப் போட்டோவை நினைச்சுக்கோங்க.

13/
போட்டோக்காரர் முதலில் என்ன செய்வார்? தாத்தா பாட்டியை நாற்காலியில் உட்கார வைப்பார். பிள்ளைகள் பின்னால் ஒரு வரிசை. பேரன் பேத்திகள் அடுத்த வரிசை.

சுகியாமா முறையின் அடிப்படையும் இதுதான். எல்லாப் பெட்டியையும் வரிசை வரிசையாகப் பிரி. அம்புகள் எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழே போகட்டும்.

14/
அடுத்து, ஒரு வரிசைக்குள் யார் எங்கே நிற்பது? மூத்த மகனின் பிள்ளைகள் வலது ஓரத்திலும் அவர் இடது ஓரத்திலும் நின்றால் யார் யாருடைய பிள்ளை என்றே தெரியாது. அவரவர் அப்பா அம்மாவுக்கு நேர் பின்னால் நின்றால் பார்த்தவுடன் புரியும்.

கணக்கும் அதேதான். ஒவ்வொரு பெட்டியையும் அதன் சொந்தங்கள் நிற்கும் இடங்களின் சராசரியில் நிறுத்து. அடுத்த வரிசைக்குப் போ. மேலும் கீழுமாக நாலைந்து தடவை செய். கோடுகள் வெட்டிக்கொள்வது மளமளவெனக் குறையும்.

15/
குறையும் என்றேன், மிகக் குறைவாக ஆகிவிடும் என்று சொல்லவில்லை, கவனிச்சீங்களா? மிகக் குறைந்த வெட்டுகள் உள்ள படத்தை வேகமாகக் கண்டுபிடிக்க எல்லாப் படத்துக்கும் பொருந்தும் வழி எதுவும் இன்றுவரை இல்லை. கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று ஒதுக்கிய கணக்குகளில் இதுவும் ஒன்று என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் நிரூபித்தார்கள். (இந்த ஜான்சன் வேற.) அதனால் 'ஓரளவு நல்ல படம்' போதும் என்பதே நடைமுறை.

16/
சரி, எல்லாக் குடும்பத்தையும் இப்படி வரிசையில் நிறுத்த முடியுமா? நம்ம ஊர் டாக்டரைக் கேளுங்க. பரம்பரை நோய் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் குடும்ப வரைபடம் போடுவோம். தாய்மாமனைக் கட்டிய பெண் என்றால் பேனா அங்கேயே நின்றுவிடும். பாட்டிக்கு அவள் பேத்தியா, மருமகளா? ரெண்டும்தான். அவள் பிள்ளைக்கு அந்தப் பாட்டி இரண்டு வழியில் சொந்தம்.

17/
சாஃப்ட்வேரும் அந்தக் குடும்பம் மாதிரிதான். ஒரே துண்டு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும். ஒரு வழி பழைய பதிப்பைக் கேட்கும், இன்னொரு வழி புதிய பதிப்பைக் கேட்கும், இரண்டும் மோதும். மரம் போல வரைந்தால் இது தெரியாது, ஒரே துண்டு ஏழெட்டு இடத்தில் தனித்தனியாகத் தெரியும். வலையாக வரைந்தால்தான் எல்லா வழியும் எங்கே கூடுகிறது என்று கண்ணுக்குப் படும்.

18/
படத்தைப் படிக்க வைத்ததில் பெரும் பங்கு, எதை வரையாமல் விடுவது என்று கற்றுக்கொண்டதுதான். இரண்டு தந்திரங்கள், இரண்டுக்கும் அடித்தளம் 1972-இல் வந்த கட்டுரைகள்.

முதலாவது: தாத்தாவிலிருந்து அப்பாவுக்குக் கோடு, அப்பாவிலிருந்து பேரனுக்குக் கோடு. அப்புறம் தாத்தாவிலிருந்து பேரனுக்குத் தனிக்கோடு எதுக்கு? அழிச்சிடு. யார் யாரோடு தொடர்பு என்ற தகவல் எதுவும் குறையாது. ஆஹோ, கேரி, உல்மன் இதைக் கணக்காக எழுதினார்கள்.

19/
இரண்டாவது: சுழல்கள். 'கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்' என்பார்களே. (மனநோயாளிகளைப் பார்க்கும் டாக்டராக எனக்கு இந்தப் பழமொழி பிடிக்காது. ஆனா சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.) அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும். எதை மேல் வரிசையில் நிறுத்துவது? ராபர்ட் டார்ஜன் சொன்ன வழியில் இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டங்களை ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்கலாம். கூட்டம் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பெட்டியாக வரைந்தால் படம் நேராகிவிடும்.

20/
இதெல்லாம் கட்டுரையாக இருந்தால் யாருக்கு லாபம்? கையில் கருவி வேண்டும். அது வந்த இடம் எது தெரியுமா? 'மேக்' பிறந்த அதே பெல் ஆய்வுக்கூடம். 1988-இல் கேன்ஸ்னர், நார்த், வோ மூவரும் அம்புப் படங்களை வரையும் ஒரு புரோகிராமை எழுதினார்கள். 1993-இல் கூட்சோஃபியோஸும் சேர்ந்து அதை மெருகேற்றிய முறையை வெளியிட்டார்கள். அதுதான் 'டாட்'. 'கிராஃப்விஸ்' தொகுப்பின் முக்கியப் பகுதி.

21/
அதன் அழகு இதுதான்: நீங்கள் படம் வரையத் தேவையில்லை. 'சாம்பாரிலிருந்து பொடிக்கு ஓர் அம்பு, பொடியிலிருந்து பெருங்காயத்துக்கு ஓர் அம்பு' என்று எழுதினால் போதும். எந்தப் பெட்டி எங்கே, எந்தக் கோடு எப்படி வளைய வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். இலவசம். சாஃப்ட்வேர் ஆவணங்களில் நீங்கள் பார்க்கும் பெட்டி-அம்பு படங்களில் ஏராளமானவை இதன் வழி வந்தவை. கோடுகளை இவ்வளவு மெனக்கெட்டுப் பிரித்தது வீண் இல்லை என்பதற்கு 1997-இல் சான்றும் கிடைத்தது. ஹெலன் பர்சேஸ் படங்களை ஆட்களுக்குக் காட்டிச் சோதித்தார். வளைவு, கோணம், சமச்சீர் என எல்லாவற்றையும் விடப் புரிதலை அதிகம் கெடுப்பது கோடுகள் வெட்டிக்கொள்வதுதான் என்று தெரிந்தது.

22/
இத்தோடு கதை சுபமா? இல்லை. இணையம் வந்தது. அடுத்தவர் எழுதிய துண்டை ஒரே கட்டளையில் எடுத்துச் சேர்க்க முடிந்தது. பத்து பெட்டி இருந்த இடத்தில் ஆயிரம் பெட்டி. எவ்வளவு நல்ல முறையில் வரைந்தாலும் திரையில் கருப்பாக ஒரு பந்து. யாரும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்க்காமல் விட்டதன் விலை 2016-இல் தெரிந்தது.

23/
2016 மார்ச் 22. அசர் கோச்சுலு என்ற புரோகிராமருக்கும் 'என்பிஎம்' களஞ்சியத்துக்கும் ஒரு பெயர் தகராறு. கோபத்தில் அவர் தன்னுடைய 273 துண்டுகளையும் எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரி. ஓர் எழுத்துக்கோவையின் இடது பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும், அவ்வளவுதான். உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய சாஃப்ட்வேர் கட்டமைக்க முடியாமல் நின்றுபோனது. பலர் அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் களஞ்சியமே அதைத் திரும்ப வைத்தது.

24/
அடுத்தது இன்னும் பெரியது. 2021 டிசம்பர், 'லாக்4ஜே'. ஜாவா மொழி சாஃப்ட்வேர்கள் தங்கள் நாட்குறிப்பை எழுதப் பயன்படுத்தும் துண்டு. அதில் ஓர் ஓட்டை. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. கூகுள் குழு ஜாவாவின் பெரிய களஞ்சியத்தை ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டவை பல்லாயிரம். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டை ஒரு படிக்கும் கீழே இருந்தது. பெரும்பாலானவற்றில் ஐந்து படி கீழே. சிலவற்றில் ஒன்பது.

பெருங்காயம் ஐந்தாவது படியில்!

25/
இங்கேதான் கேள்வி திரும்பியது. அதுவரை படம் போட்டவர்கள் கேட்டது: "என் சாஃப்ட்வேர் யாரையெல்லாம் நம்பியிருக்கு?" ஆபத்து வந்தால் கேட்க வேண்டியது தலைகீழ்: "இந்த ஒண்ணை யாரெல்லாம் நம்பியிருக்காங்க?"

எங்களுக்கு இது பழக்கம். ஒரு பேட்ச் மருந்து தரமில்லை என்று சுற்றறிக்கை வந்தால், ஸ்டோரில் உள்ள எல்லா மருந்தையும் பட்டியலிட மாட்டோம். அந்த பேட்ச் எந்த வார்டுக்குப் போச்சு, எந்த நோயாளிக்குப் போச்சு என்று மட்டும் பின்தொடர்வோம்.

26/
ஆயிரம் பெட்டிப் படமும் இப்படிக் கேட்டால் உடனே படிக்க முடிகிறது. லாக்4ஜே-யில் விரலை வை. அதிலிருந்து மேலே வரும் வழிகளை மட்டும் காட்டு. மற்றதை மறை. கருப்புப் பந்து கரைந்து, ஏழெட்டுப் பெட்டி கொண்ட ஒரு சின்னப் படம் மிஞ்சும். 'இது ஏன் இங்கே இருக்கு' என்று கேட்டால் வழியைக் காட்டும் கட்டளைகள் இன்று பல கருவிகளில் உண்டு.

ஒரு டாக்டர் எச்சரிக்கை: படத்தில் பெட்டி இருப்பது நோய் உறுதி அல்ல. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் எல்லாமே டிபி இல்லையே. அந்தத் துண்டின் ஓட்டையுள்ள பகுதி உண்மையில் பயன்படுகிறதா என்று அப்புறம் பார்க்க வேண்டும். ஆனா எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

27/
இப்போ நம்ம பம்புக்குத் திரும்புவோம். ஐபிநெட்டை எழுதியது ஸ்வீடனின் இன்டர்பீக் கம்பெனி. 2006-இல் அதை விண்ட் ரிவர் வாங்கியது. ஆனா அதற்கு முன்பே ஐபிநெட் மற்ற கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுக்கப்பட்டு, அவர்களின் இயங்குதளங்களுக்குள் போயிருந்தது. அந்த இயங்குதளங்கள் கருவிகளுக்குள் போயின. எழுதிய கம்பெனி இல்லை, பராமரிப்பு இல்லை, துண்டு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

28/
சுகியாமா முறை, டார்ஜன் முறை, டாட் எல்லாம் இருந்தும் 2019-இல் 'எங்க வார்டுல இருக்கா' என்ற கேள்விக்கு ஏன் உடனே பதில் வரவில்லை? பெட்டியின் பெயரை யாருமே எழுதி வைக்கவில்லை. எழுதாத பெட்டியை எந்தக் கருவியாலும் வரைய முடியாது. குடும்ப வரைபடம் போடும்போது "அந்தப் பக்கத்து சொந்தம் பேசறதில்லைங்க" என்று விட்டுவிட்டால், நோய் அந்தக் கிளையில்தான் இருக்கும்.

29/
அதனால் அமெரிக்காவில் சட்டமே வந்தது. 2023 மார்ச் 29 முதல், நெட்வொர்க்கில் இணையக்கூடிய புது மருத்துவக் கருவிக்கு எஃப்டிஏ அனுமதி கேட்டால், உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் துண்டுகளின் முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். பெருங்காய டப்பாவில் மூலப்பொருள் எழுதுவது போல. பட்டியல் இருந்தால் படம் தானாக வரும். ஆனா அதற்கு முன்பே வார்டுக்கு வந்துவிட்ட பழைய பம்புகளுக்கு அந்தப் பட்டியல் தானாக முளைக்காது.

30/
கடைசியாக ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு திங்கட்கிழமை காலை ஓபி பதிவுக் கம்ப்யூட்டர் நின்றது. பதிவு எண் இல்லாமல் லேப் ரத்தம் எடுக்கவில்லை. லேப் ரிப்போர்ட் இல்லாமல் சர்க்கரை நோயாளிக்கு மருந்து மாற்ற முடியவில்லை. பார்மசியும் அதே எண்ணைக் கேட்டது. வராந்தா முழுக்க ஜனம். ஒரு பாட்டி காலையில் சாப்பிடாமல் வந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தார்.

31/
அன்று சாயங்காலம் ஓபி சீட்டுக்குப் பின்புறம் நானும் ஸ்டாஃப் நர்ஸும் ஆறு பெட்டி வரைந்தோம். அம்பு போட்டோம். எல்லா அம்பும் ஒரே பெட்டியில் போய் நின்றது. மறுநாளே ஒரு ரூல் போட்ட நோட்டில் கையால் எண் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அடுத்த முறை நின்றபோது ஓபி ஓடியது.

32/
பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இல்லை, ஒரு பேனாதான். நீங்க ஆஸ்பத்திரியிலோ, ஆபீஸிலோ, பள்ளியிலோ மெஷின் வாங்கும் பொறுப்பில் இருந்தால் விற்பவரிடம் விலை கேட்ட கையோடு இதையும் கேளுங்க: "உள்ளே என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கு, பட்டியல் தருவீங்களா?"

தெரியாது என்று சொன்னால், தெரிஞ்சுட்டு வரச் சொல்லுங்க. அந்தப் பம்பில் மருந்து ஓடுவது நம்ம வீட்டு ஆளுக்குத்தான்.

முற்றும்.